ஒரு பக்கம் ஓதினால் பதினைந்து நிமிடம்

சிங்கப்பூரின் உட்லண்ட்சிலிருந்து ஒரு தாயார் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய மகனுக்கு 14 வயது, உயர்நிலை இரண்டில் படிக்கிறான். மகளுக்கு 9 வயது. கணவருக்கு ஷிப்ட் வேலை. கணவரின் தாயாரும் இவர்களுடன்தான் இருக்கிறார். கண் நீர் அழுத்த நோயால் அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. மகன் ஒன்பது வயதிலேயே குர்ஆனை முழுதாக ஓதி முடித்தவன். அன்று பிரியாணி ஆக்கி அந்தத் தளத்தில் இருந்த எல்லா வீடுகளுக்கும் கொடுத்ததைத் தாயார் இன்னும் மறக்கவில்லை. உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் கைப்பேசி வந்தது. பள்ளிப் பாடத்துக்கென்று ஐபேட் வந்தது. இப்போது பள்ளி நாள்களிலேயே ஐந்து மணி நேரம் திரையில் கரைகிறது. அதிகாலைத் தொழுகையான சுபுஹுக்கு எழுப்பினால் எழுவதில்லை. மற்றத் தொழுகைகள் இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடுகின்றன. தொழுகை விரிப்பின் ஓரத்தில் கைப்பேசி கவிழ்ந்து கிடக்கிறது.

தாயார் ஒரு வழி கண்டார். குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டினார். ஒரு வேளைத் தொழுதால் 20 நிமிடம், குர்ஆனில் ஒரு பக்கம் ஓதினால் 15 நிமிடம் கைப்பேசி. முதல் மாதம் தாள் முழுக்க டிக் விழுந்தது. நான்காம் மாதம் ஒரு மாலை, அறைக் கதவைத் திறந்தபோது மகன் கட்டிலில் கைப்பேசியோடு உட்கார்ந்திருந்தான். விரிப்பு மடித்தபடியே இருந்தது. "அசர் தொழுதுவிட்டேன்" என்றான். தாளில் டிக்கும் போட்டிருந்தான். விஷயம் தெரிந்த தந்தை அவனை அறைந்தார், கைப்பேசியைச் சுவரில் எறிந்தார். அன்றிரவு அவரும் சாப்பிடவில்லையாம். ஆண்டிறுதியில் மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, தமிழ்நாட்டில் சொந்த ஊர்ப் பக்கம் விடுதியோடு கூடிய ஒரு மதரசாவில் சேர்க்க வேண்டும் என்கிறார் அவர். "அரசாங்கமே இரண்டு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது என்கிறது. அதைக் குறைத்து இவனை எப்படி மார்க்கப் பற்றுள்ள பிள்ளையாக ஆக்குவது? ஊருக்கு அனுப்பிவிடுவதுதான் வழியா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான் குடும்ப ஆலோசகர். மார்க்கத் தீர்ப்பு சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் நீங்கள் கேட்ட கேள்வியில் பாதி மார்க்கத்தைப் பற்றியது, பாதி பதினான்கு வயதுப் பையனைப் பற்றியது. அந்த இரண்டாம் பாதியைப் பற்றி என்னால் பேச முடியும்.

முதலில் அந்தப் பொய். "ஈமானே (இறைநம்பிக்கையே) போய்விட்டதோ என்று நடுங்கினேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொழுகை தேவையில்லை என்று நினைக்கும் பையன் உங்களிடம் அப்படியே சொல்லியிருப்பான், அல்லது தோளைக் குலுக்கிவிட்டுப் போயிருப்பான். இவன் உங்கள் முகம் வாடும் என்பதற்காகவும், விளையாட்டு நேரம் போய்விடும் என்பதற்காகவும் பொய் சொன்னான். செய்தது தவறுதான். ஆனால் அந்தப் பொய்க்கு இடம் கொடுத்த ஒன்று உங்கள் குளிர்பதனப் பெட்டியின் கதவிலேயே ஒட்டியிருந்தது. உங்களைக் குற்றம் சாட்ட இதைச் சொல்லவில்லை. இதே தாளை வெவ்வேறு வடிவங்களில் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஒட்டிய ஒவ்வொரு தாயும் நல்ல நோக்கத்தோடுதான் ஒட்டினார்.

ஓதலுக்கு விலை வைத்தபோது நடந்தது

அந்தத் தாளை உங்கள் மகனின் கண்ணால் ஒருமுறை பாருங்கள். ஒரு பக்கம் ஓதினால் 15 நிமிடம். இதில் கூலி எது, வேலை எது? கைப்பேசிதான் கூலி. கலாமுல்லாஹ், அதாவது இறைவனின் வாக்கு, அந்தக் கூலிக்காகச் செய்து முடிக்க வேண்டிய வேலை. எதைக் கொடுத்து எதை வாங்குகிறோமோ, வாங்கும் பொருள்தான் மதிப்புள்ளது என்று பிள்ளையின் மனம் எழுதிக்கொள்ளும். கைப்பேசியின் மவுசைக் குறைக்க நினைத்தீர்கள். அந்தத் தாள் அதற்குப் பரிசுக் கோப்பையின் இடத்தைக் கொடுத்துவிட்டது. விலை என்று வந்துவிட்டால் பேரமும் வரும், குறுக்குவழியும் வரும். இரண்டு நிமிடத் தொழுகை பேரம். மடித்த விரிப்பு குறுக்குவழி.

செயல்கள் யாவும் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன என்ற நபிமொழியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புகாரி தொகுப்பின் முதல் ஹதீஸே அதுதான். நான்கு மாதங்களாக அவனுடைய நிய்யத்தை, அதாவது எண்ணத்தை, நாமே கைப்பேசியின் பக்கம் திருப்பிவிட்டோம் என்பதைத்தான் நீங்கள் கவனிக்கத் தவறிவிட்டீர்கள்.

ஆகவே என் முதல் ஆலோசனை இதுதான்: திரை நேரத்தையும் இபாதத்தையும் (இறைவணக்கத்தையும்) ஒன்றோடொன்று கட்டிய கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். திரைக்கு ஒரு வரம்பு இருக்கட்டும். அந்த வரம்பு உறக்கம், கண், படிப்பு, குடும்பம் ஆகியவற்றைக் கருதி வைத்ததாக இருக்கட்டும். அன்று அவன் தொழுதாலும் தொழாவிட்டாலும் அந்த வரம்பு கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். தொழாத நாளில் கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். தொழுததற்காகக் கூடுதல் நேரமும் தராதீர்கள். தொழுகையைப் பற்றித் தொழுகையாகவே பேசுங்கள். "அப்படியானால் ஒரு வாரம் தொழவே மாட்டானே" என்று பயப்படுவீர்கள். சில நாள்கள் அப்படி நடக்கலாம். தாளுக்காகப் போட்ட டிக்குகள் நிற்கும்போதுதான் உண்மையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அங்கிருந்துதான் தொடங்க முடியும்.

சுபுஹு தவறுவது இரவில் தொடங்குகிறது

நம் ஊரில் சுபுஹு நேரம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஐந்தரைக்கும் ஆறுக்கும் இடையில்தான் தொடங்குகிறது. பதின்ம வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. ஐந்தே முக்காலுக்கு எழ வேண்டிய பையன், குறைந்தபட்ச எட்டு மணி நேரத்துக்கே இரவு ஒன்பதே முக்காலுக்குக் கண்ணயர்ந்திருக்க வேண்டும். உங்கள் மகனோ நள்ளிரவு வரை போர்வைக்குள் ஐபேட் பார்க்கிறான். அவனைச் சுபுஹுக்கு எழுப்ப முடியாததை இறையச்சக் குறைவு என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஆறு மணி நேரம்கூடத் தூங்காத உடம்பை யார் எழுப்பினாலும் அது எழாது. இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பிந்திய பேச்சுகளை நபி (ஸல்) விரும்பியதில்லை என்ற ஹதீஸை உங்கள் பள்ளிவாசலில் மார்க்கம் கற்பிக்கும் உஸ்தாதும் சொல்லியிருப்பார். அதைக் கண்டிப்பாக இல்லாமல், உறக்கத்தைப் பற்றிய அக்கறையாக அவனிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

இரவு ஒன்பதரைக்கு எல்லாக் கருவிகளும் கூடத்தில் சார்ஜ் ஏறட்டும். படுக்கையறைக்குள் எதுவும் போக வேண்டாம். "கைப்பேசிதான் எனக்கு அலாரம்" என்று அவன் சொல்வான். பெரும்பாலான பிள்ளைகள் சொல்லும் முதல் பதில் அது. சாதாரணக் கடிகாரம் ஒன்று வாங்கி முதல் நாளே அவன் தலைமாட்டில் வைத்துவிடுங்கள்.

நீங்கள் சொன்ன இரண்டு மணி நேர வரம்பைப் பற்றியும் ஒரு திருத்தம். சுகாதார அமைச்சு 2025 ஜனவரியில் புதுப்பித்த வழிகாட்டுதலில் வரும் அந்த வரம்பு, பள்ளிப் பாடம் தவிர்த்து, 7 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. அது உங்கள் மகளுக்குப் பொருந்தும். மகனிடம் "அரசாங்கமே சொல்லியிருக்கிறது" என்று வாதாடினால், அவன் தேடிப் பார்த்துவிட்டு உங்களை மடக்குவான். அவனுக்கான அளவை அவனோடு உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

பள்ளி தந்த ஐபேட்

"பள்ளியே கையில் கொடுத்துவிட்டது, நாங்கள் என்ன செய்ய முடியும்" என்கிறீர்கள். செய்ய முடியும். உயர்நிலை மாணவர்களின் கற்றல் கருவிகளில் ஒரு நிர்வாகச் செயலி போடப்பட்டிருக்கிறது. பள்ளி நேரத்துக்குப் பிறகு அது எப்படி இயங்க வேண்டும் என்பதைத் தெரிவு செய்யும் உரிமை பெற்றோருக்கு உண்டு: பள்ளி வைத்த ஏற்பாட்டையே தொடரலாம், வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம், அல்லது பள்ளி நேரத்துக்குப் பின் அந்தக் கட்டுப்பாடு வேண்டாம் என்றும் சொல்லலாம். வழக்கமான ஏற்பாட்டில் கருவி இரவில் தானாக முடங்கும். அந்த நேரத்தையும் 2026 ஜனவரியிலிருந்து 11 மணிக்குப் பதில் பத்தரைக்கு முன்தள்ளியிருக்கிறார்கள். உங்கள் மகனால் நள்ளிரவில் அதைப் பார்க்க முடிகிறது என்றால், பள்ளிச் சேர்க்கையின்போது நீங்களோ கணவரோ மூன்றாவது தெரிவைக் குறித்திருக்க வாய்ப்பு அதிகம். "படிவத்தில் என்னென்னவோ கேட்டார்கள், கையெழுத்துப் போட்டேன்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வகுப்பாசிரியரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

2026 ஜனவரியிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளில் இடைவேளையிலும் இணைப்பாட நடவடிக்கைகளின்போதும் கைப்பேசி கூடாது. ஆக, உங்கள் மகன் கைப்பேசி இல்லாமல் பகலில் பெரும்பகுதியைக் கழிக்கத் தெரிந்தவன்தான். அவனைத் திரைக்கு அடிமை என்று அழைப்பதை நிறுத்துங்கள். அந்தச் சொல்லை மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அவன் முன்னாலும் சொல்லியிருப்பீர்கள் என்று அஞ்சுகிறேன்.

மஃரிபிலிருந்து இஷா வரை

சிங்கப்பூரில் வாழ்வதில் ஒரு வசதி இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்தித் தொழுகையான மஃரிப் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டியே வருகிறது; அதற்கும் இஷாவுக்கும் இடையில் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கோடையில் ஒரு நேரம், குளிரில் ஒரு நேரம் என்று அலைய வேண்டிய குடும்பங்களுக்கு இது கிடைக்காது. இந்த நேரத்தை உங்கள் வீட்டின் திரையில்லா நேரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பழைய பிஸ்கட் டின் ஒன்று இருக்கும். மஃரிபு பாங்கு நேரத்தில் எல்லாக் கைப்பேசிகளும் அதற்குள் போகட்டும். முதலில் போக வேண்டியது உங்கள் கணவருடையது, அடுத்தது உங்களுடையது. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது: இரவுச் சாப்பாட்டின்போது அத்தா (அப்பா) வாட்ஸ்அப்பில் வரும் பயான் (மார்க்கச் சொற்பொழிவு) துணுக்குகளைப் பார்த்து அங்கேயே பத்துப் பேருக்கு அனுப்பிக்கொண்டிருப்பார் என்று. அவர் பார்ப்பது மார்க்க விஷயம்தான். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தெரிவது அத்தாவின் குனிந்த தலை மட்டுமே. ஷிப்ட் வேலைக்கு நடுவே வாரத்தில் மூன்று மாலைகள்தான் அவர் வீட்டில் இருக்கிறார். அந்த மூன்று மாலைகளிலும் மகனோடு கீழ்த்தளம் வரை, முடிந்தால் பள்ளிவாசல் வரை நடந்து போய் வரட்டும். உபதேசம் வேண்டாம். பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டு நடந்தால் போதும்.

உங்கள் மகனும் இப்போது குறுங்காணொளிகளில் யார் யாரோ பேசும் மார்க்கத்தைப் பார்ப்பதாகவும், "அதுவாவது பார்க்கிறானே" என்று நீங்கள் ஆறுதல் அடைவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. சிங்கப்பூரில் இஸ்லாமிய சமயம் போதிப்பவர்கள் ஆசிரியர் அங்கீகாரத் திட்டத்தில் பதிந்திருக்க வேண்டும் என்பது 2017இலிருந்து கட்டாயம். வீட்டுக்கு வரும் ஓதல் ஆசிரியரைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கும் நாம், ஒரு நிமிடத் துணுக்கில் வருபவர் யார் என்று கேட்பதே இல்லை. அவன் பார்ப்பதைத் தடுக்க வேண்டாம். அதில் எழும் சந்தேகத்தைச் சனிக்கிழமை மதரசாவில் உஸ்தாதிடம் கேட்கச் சொல்லுங்கள்.

ஊருக்கு அனுப்புவது

உங்கள் கணவரின் வேதனையை நான் மதிக்கிறேன். ஊரில் உள்ள மதரசாவைக் குறைசொல்லவும் மாட்டேன். தானே விரும்பிப் போகும் பிள்ளைக்கு அது நல்ல இடமாக அமையலாம். ஆனால் இந்தச் சமயத்தில் தண்டனையாக அனுப்பினால், மார்க்கக் கல்வி என்பது அத்தா கோபத்தில் தள்ளிவிட்ட இடமாகவே அவன் நெஞ்சில் பதியும். அங்கே கைப்பேசி கையில் இல்லாததால் தொழுவான். விடுமுறையில் திரும்பி வந்து கைப்பேசி கிடைத்ததும் என்ன ஆகும்?

நடைமுறையும் இருக்கிறது. 13 வயதைக் கடந்த ஆண் பிள்ளை, குடிமகனோ நிரந்தரவாசியோ, மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்க வேண்டுமானால் தேசிய சேவைக்காக 'எக்ஸிட் பெர்மிட்' எனப்படும் வெளியேறும் அனுமதி பெற வேண்டும். ஆண்டுக்கணக்கில் தங்கினால் பிணைத்தொகை கேட்பார்கள். உயர்நிலை இரண்டில் நின்றுபோன படிப்பைத் திரும்பி வந்து பிடிப்பதும் எளிதல்ல. சமயக் கல்வி கூடுதலாக வேண்டுமென்றால், பள்ளிவாசல்களில் பதின்ம வயதினருக்கான வார இறுதி வகுப்புகளை முதலில் விசாரியுங்கள். அவனையும் அழைத்துப் போய்க் கேளுங்கள்.

கணவர் அவனை அறைந்ததைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பத்து வயதில் தொழாவிட்டால் அடிக்கச் சொல்லும் ஹதீஸைக் கணவர் எடுத்துக்காட்டினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அறிஞர்கள் விதித்திருக்கும் வரம்புகளை அங்கீகாரம் பெற்ற ஓர் உஸ்தாதிடம் அவரே நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். கோபத்தில் முகத்தில் அறைவது அதற்குள் அடங்காது. பிள்ளையைக் கொடுமைப்படுத்துவது இந்நாட்டின் சிறார், இளையர் சட்டப்படி குற்றம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நபித்தோழர் அனஸ் (ரலி) நபியவர்களிடம் பணிவிடைக்குச் சேர்ந்தபோது அவருக்கு வயது ஏறக்குறைய பத்து. பத்து ஆண்டுகள் இருந்தார்; அதாவது பதின்ம வயது முழுவதையும் அந்த வீட்டில் கழித்தார். ஒரு நாளும் தம்மை 'ச்சீ' என்று சொன்னதில்லை, ஏன் இதைச் செய்தாய், ஏன் இதைச் செய்யவில்லை என்று கடிந்ததில்லை என்று பின்னாளில் அவரே சாட்சி சொல்கிறார். அன்றிரவு சாப்பிட முடியாமல் எழுந்துபோன உங்கள் கணவருக்கு இந்தச் செய்தி புரியும். அவர் மகனிடம் "அறைந்தது என் தவறு" என்று ஒரு வரி சொன்னால், பொய் சொன்னதைப் பற்றி மகனும் வாய்திறக்க வழி பிறக்கும்.

எப்போது வெளி உதவி தேட வேண்டும்? பள்ளிக்குப் போக மறுப்பது, சாப்பாட்டையும் நண்பர்களையும் விட்டுவிடுவது, கருவியை எடுத்தால் பொருள்களை உடைப்பது, வாழ்வு வெறுத்தாற்போல் பேசுவது, இவற்றில் எதைக் கண்டாலும் காத்திருக்காதீர்கள். பள்ளி ஆலோசகரிடமோ உங்கள் வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்திலோ பேசுங்கள். 1771 என்ற தேசிய மனநல உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை என்பது எனக்கு நிம்மதி.

கடிதத்தின் கடைசிப் பக்க ஓரத்தில், இடமில்லாமல் நெருக்கி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "பாட்டிக்கு மட்டும் தினமும் இரவு மறக்காமல் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவான்." நான்கு பக்கங்களில் நான் அதிக நேரம் நின்ற வரி அது. சொட்டு மருந்து விடுவது சின்ன வேலை இல்லை. தலையைச் சாய்த்து, கீழ் இமையை மெல்ல இழுத்து, சொட்டு வழியாமல் விட்டு, கண்ணை மூடியிருக்கச் சொல்லி, அடுத்த மருந்துக்குச் சில நிமிடம் பக்கத்திலேயே காத்திருக்க வேண்டும். ஐந்து மணி நேரம் திரையில் இருக்கும் அதே பையன் இதை ஒவ்வோர் இரவும் செய்கிறான். தாளில் இதற்கு ஒரு நிமிடம்கூட நீங்கள் தரவில்லை. யாரும் கேட்காமலேயே செய்கிறான். நற்குணத்தைத் தேடி வீடெல்லாம் அலைகிறீர்கள். அது பாட்டியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறது.

உங்கள் மாமியார் வெள்ளி இரவுதோறும் குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதுபவர் என்றும், இப்போது எழுத்து கண்ணுக்குத் தெரியாததால் கைப்பேசியில் போட்டுக் கேட்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். அவரே பேரனிடம் கேட்கட்டும்: "எனக்குக் கண் தெரியவில்லை, நீ ஓதிக் காட்டுகிறாயா?" நீங்கள் சொல்லிக் கொடுத்ததாக அவனுக்குத் தெரிய வேண்டாம். ஓதும்போது நீங்கள் வாசலில் நின்று தஜ்வீத் (ஓதும் உச்சரிப்பு முறை) திருத்தவும் வேண்டாம். அவன் மறுத்தால் அடுத்த வாரம் பாட்டி மறுபடி கேட்கட்டும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இன்று மாலை அவன் பள்ளியிலிருந்து வந்ததும், சாப்பிட்ட பிறகு, "இந்தத் தாளை ஒட்டியது என் தவறு, நீயே கிழித்துவிடு" என்று சொல்லுங்கள். ஏன் என்று கேட்பான். மேலே நான் எழுதியதை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்.